வயிற்றில் கட்டிய துண்டு

நான் அரசு பஸ் ஓட்டிய காலத்தில், வேலூர் ஆம்பூர் நெடுஞ்சாலையில் என் ஹாரன் சத்தம் கேட்டால் லாரிகள் வயலில் இறங்கி வழிவிடும். சரி, ஒரே ஒரு லாரி. அதற்கும் பிரேக் பிடிக்கவில்லை. ஆனால் இறங்கியது நிஜம். அப்பேர்ப்பட்ட கோதண்டபாணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்வதா என்று ஊரே கொதித்தெழுந்ததால், ஒரு வெள்ளை ஆம்னி வேனுக்கு டிரைவராகப் போய்ச் சேர்ந்தேன். ஊர் என்பது என் மனைவி. கீரையை நான் ஆய்ந்த லட்சணம் அவளுக்குத்தானே தெரியும்.

அந்த வேன் ஓர் ஆராய்ச்சிக்குச் சொந்தம். பாலாற்றங்கரை ஊர்களில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் என்ன சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டதில் எவ்வளவு ரத்தத்தில் சேருகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. அதில் சேர்ந்த பெண்களுக்கு மாதம் ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். எடுத்த கையோடு ஓர் அட்டை முட்டையும் கடலை மிட்டாய்ப் பொட்டலமும் கொடுத்து அனுப்புவார்கள். இதை நடத்துகிறவர் டாக்டர் பூங்குழலி. வயது முப்பதுக்குள். எடை என் ஸ்டெப்னி டயரைவிடக் குறைவு. கோபம் வந்தால் மட்டும் பதினெட்டுச் சக்கர லாரி.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்தார், வேனில் ஏறினார், மெதுவாகச் சொன்னார்.

"பாணி சார், மாதனூர் பக்கம் போங்க. பூர்ணிமா வீடு."

"இன்னிக்கி அங்க வேலை இல்லையே டாக்டரம்மா."

"லேப்ல இருந்து கூப்பிட்டாங்க. புதன்கிழமை எடுத்த ரத்தத்துல பூர்ணிமாவுக்கு ஹீமோகுளோபின் அஞ்சு புள்ளி நாலு. ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டாங்க."

இந்த வேனில் ஏறியதிலிருந்து எனக்கும் அரைக்கால் டாக்டர் படிப்பு வந்துவிட்டது. கர்ப்பிணிக்குப் பதினொன்று இருந்தால் நிம்மதி. ஏழுக்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரி. அஞ்சு என்றால் அந்த இதயம் காலி டேங்க்கோடு மலையேறுகிற வண்டி. எந்த வளைவில் நிற்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கிற குழந்தையும் அதே வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இதில் நான் ஒரு சொட்டுகூட மிகைப்படுத்தவில்லை.

"போன மாசம் பத்தரை இருந்துச்சு சார்" என்றார் டாக்டரம்மா. "ஒரே மாசத்துல பாதியா எறங்குதுன்னா உள்ள எங்கயோ ரத்தம் போகுதுன்னு அர்த்தம். போன் அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்கறா."

"எப்படி எடுப்பா? இன்னிக்கி அவளுக்கு வளைகாப்பு. என்னையகூட கூப்ட்டு இருந்தா."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "வளைகாப்பு முடிஞ்சா?"

"அம்மா வீட்டுக்குக் கூட்டினு போய்டுவாங்க. ஆந்திரா எல்லையில மலையடி ஊரு. அங்க போனுக்கு டவர் வேணும்னா மரத்துல ஏறணும். வெள்ளிக்கிழமைல்ல, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி வண்டி ஏத்திடுவாங்க."

அவர் மணியைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

விரிஞ்சிபுரம் திருப்பத்தில் மார்க்கபந்தீசுவரருக்கு ஸ்டியரிங்கிலிருந்தே ஒரு கும்பிடு போட்டேன். வழித்துணைக்கு வருகிற சாமி அவர். அன்றைக்கு நான் போன வேகத்தில் பாவம் பின்னால்தான் ஓடி வந்திருப்பார். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் நின்ற நேரத்தில் ஒரு மனிதன் பிறந்து வளர்ந்து கல்யாணமே பண்ணிக்கொள்ளலாம் போலிருந்தது. டாக்டரம்மா போனை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

பூர்ணிமா வீட்டுத் தெருவில் பந்தல் போட்டிருந்தது. வாசலில் மாலை கட்டிய வாடகைக் கார் ஒன்று மூக்கை ஊருக்கு வெளியே நீட்டியபடி தயாராக நின்றது. அப்பாடா, கிளம்பவில்லை.

"வாம்மா, வா" என்று எதிர்கொண்டார் பூர்ணிமாவின் மாமியார் சௌந்தரம். ஆள் அகலம் என்றால் அப்படியொரு அகலம். அவர் நின்றால் வாசல் மூடியதாக அர்த்தம். "ஏழு வகை சாதம் கீது, சாப்ட்டுதான் போவணும்."

"பூர்ணிமாவ ஒரு நிமிஷம் உள்ள கூட்டிட்டு வாங்கம்மா."

"நலங்கு வச்சினு கீறோம். நல்ல நேரம் போய்டும். அப்பறமா..."

"அப்பறம் இல்லம்மா. இப்போ."

பதினெட்டுச் சக்கரத்தில் ஒன்பது சுழன்றதும் சௌந்தரம் வழிவிட்டார்.

அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள் பூர்ணிமா. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், கன்னம் முழுக்கச் சந்தனம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மிஷினில் தைக்கிறவள். புதன்கிழமை வரைக்கும் வேலைக்குப் போய்விட்டு நேற்றிலிருந்துதான் லீவு. நான் கதவருகே நின்று பார்த்தேன். சாகக் கிடக்கிறவள் என்று நினைத்து வந்த ஆளுக்கு, அப்போதுதான் பறித்த தக்காளி மாதிரி ஒரு பெண் சிரித்தால் எப்படி இருக்கும்?

டாக்டரம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பு. நகத்தை அழுத்தினார். சிவப்பு. பையிலிருந்து கையடக்க மிஷினை எடுத்து விரலில் குத்தி ஒரு சொட்டை வைத்தார். பதினொன்று புள்ளி இரண்டு. இன்னொரு விரல். பதினொன்று.

"மிஷின் பேஜார் பண்ணுதா டாக்டரம்மா? என் வெரல்ல குத்திப் பாருங்க" என்று நீட்டினேன். குத்தினார். பதிமூன்றரை. மிஷின் நன்றாகத்தான் இருந்தது; நானும்.

டாக்டரம்மா மிஷினைக் கீழே வைத்தார்.

"பூர்ணிமா, புதன்கிழமை அங்கன்வாடிக்கு வந்து ரத்தம் குடுத்தது நீயா?"

வளையல் சத்தம் நின்றது. அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சாமி படத்தைப் பார்த்தார். புதன்கிழமை டாக்டரம்மா அங்கே இல்லை, நானும் லீவு. வேனில் போனது புதிதாகச் சேர்ந்த டெக்னீசியன் பையன். அவனுக்கு யாருடைய முகமும் தெரியாது.

"கோச்சிக்கக் கூடாதும்மா" என்று சௌந்தரம்தான் ஆரம்பித்தார். "கம்பெனில ஷிப்மெண்ட்டு. லீவு கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சிய தூக்கி வச்சிக்கறாராம். ரத்தம் குடுக்கலன்னா முட்டை வராது. சின்ன மருமவ வீட்டுலதான் இருந்தா. நீ போய் கைய நீட்டிட்டு வாடின்னேன். யார் ரத்தமா இருந்தா இன்னா? ரெண்டு பேரும் இந்த வூட்டு மருமவதானே?"

"ஏழு மாச கர்ப்பிணின்னு சொன்னா நம்பிடுவாங்களா?"

சௌந்தரத்தின் முகத்தில் அந்த நேரத்திலும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "அதுக்குதான் வயித்துல துண்டு கட்டினு போடின்னு சொல்லி அனுப்பினேன்."

சிரிக்கிற இடமில்லை என்று தெரிந்தும் எனக்கு வாய் கோணியது. டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததும் நேராகிவிட்டது.

"அப்போ அஞ்சு புள்ளி நாலு அவளோடது" என்றார், தனக்குள் பேசுவது போல. "அந்தப் பொண்ணு எங்க?"

"மோகனாவா? அவ தூரம். வீட்டுக்கு வெலக்கு. நல்லது நடக்கற எடத்துல வேணாம்னு அவளே சொல்லிட்டு பக்கத்து வூட்டு பக்ருன்னிசா கிட்ட போய் குந்தினு கீறா."

"அவளுக்கு மூச்சு வாங்குதா?"

"சோம்பேறிம்மா. ரெண்டு கொடம் தூக்கினா சுவரப் பிடிச்சினு நிக்கறா. அரிசி வேற திருடித் தின்றா. பச்சரிசிய மென்னுகிட்டே இருந்தா வீடு உருப்புடுமா?"

"திருட்டு இல்லம்மா அது. ரத்தம் இல்லாத ஒடம்பு அப்படித்தான் கேக்கும்" என்று சொல்லும்போதே டாக்டரம்மா வாசலைத் தாண்டியிருந்தார்.

பக்ருன்னிசா வீடு அடுத்த வாசல். கொல்லையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"மோகனா எங்கம்மா?"

"இங்க இல்ல மேடம்."

"அவ ரத்தத்துல கோளாறு. உயிருக்கு ஆபத்து. தூரம்னு சொன்னாங்க. ரத்தம் ஜாஸ்தியா போகுதா?"

"போகல."

"எத்தன மாசமா போகல?"

அந்தக் கேள்வி எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பக்ருன்னிசாவுக்கு அந்த நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. அவர் கண் சட்டென்று நிறைந்தது. வெங்காயம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

"மேடம், எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார். "எத்தன மாசம்னு நீங்க கேட்டா நான் பாட்டுக்கு என் கையப் பாத்துனு இருப்பேன்."

கையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். ஐந்து விரலும் விரிந்திருந்தன.

ஆக, கர்ப்பிணி ஒருத்தி வயிற்றில் துண்டைக் கட்டிக்கொண்டு கர்ப்பிணி வேஷம் போட்டுப் போயிருக்கிறாள். மாதாமாதம் தூரம் என்று பொய் சொல்லி மூலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"எதுக்கு மறைக்கணும்?" டாக்டரம்மா குரல் அப்போதுதான் உயர்ந்தது.

"ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு வயித்துப்புள்ளக்காரி இருந்தா ஒண்ணு தங்காதுன்னு சௌந்தரம் அக்கா சொல்லும். ஒருத்திய வெளிய அனுப்பிடும். பூர்ணிமாவுக்கு போறதுக்கு அம்மா வீடு கீது. இவளுக்கு எங்க கீது? அம்மா இல்ல, அப்பன் வேற கல்யாணம் கட்டினு போய்ட்டான். போன வருஷம் ஒண்ணு கலைஞ்சி வேற போச்சு. இன்னிக்கி பூர்ணிமா வண்டி ஏறினதும் சொல்லிடறேன் சின்னம்மான்னா. இன்னும் கொஞ்ச நேரம்தான் மேடம் பாக்கி."

"இப்போ எங்க?"

"இங்க குந்தினு இருந்தா வளையல் சத்தம் கேக்குது, அதுகூட என் காதுல விழக்கூடாதுன்னா. தெச்ச அப்பர் மூட்டைய எடுத்துனு ஆத்துக்கு அந்தாண்ட கான்ட்ராக்டர் வீட்டுக்குக் கெளம்பிட்டா. நானும் வேணாம்னு சொன்னேன்." அப்பர் என்பது ஷூவின் மேல்தோல், எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் கையால் தைத்துக் கொடுப்பார்கள். நூறு ஜோடி சேர்ந்தால் ஒரு சின்னக் கன்றுக்குட்டி எடை.

ஆற்றைக் கடந்து நடக்க வேண்டும். பாலாற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது? மணல் அள்ளியது போக மிச்ச மணலும் பள்ளமும் முள்ளும்தான். வெயில் ஏறிவிட்டிருந்தது.

வேனை நேராக ஆற்றில் இறக்கினேன். "சார், மாட்டிக்கும் சார்" என்றார் டாக்டரம்மா. "பாணி ஓட்டின வண்டி மாட்டினதா சரித்திரமே கெடையாது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சரித்திரம் பின் சக்கரம் வரைக்கும் மணலில் இறங்கிவிட்டது. டாக்டரம்மா கதவைத் திறந்து குதித்து ஓடினார். நானும் ஓடினேன். நான் ஓடிய ஓட்டத்தை ஒலிம்பிக் ஆட்கள் பார்த்திருந்தால் என்று இழுக்கலாம். உண்மையில் பாதிநேரம் என் செருப்பைத்தான் மணலுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

"மோகனா" என்று டாக்டரம்மா கூப்பிட்டார். தோல் பதனிடுகிற ஷாப்களின் வாடை மட்டும் காற்றில் வந்தது. மணல் எடுத்த பள்ளங்கள் ஒவ்வொன்றும் ஆள் ஆழம். ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனோம். ஒவ்வொரு தடவை எட்டிப் பார்க்கும்போதும் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிகிறவரை மார்க்கபந்தீசுவரரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொல்வதில் எனக்கிருக்கும் கெட்டிக்காரத்தனம் அத்தனையும் அந்தப் பள்ளங்களில் போய்விட்டது.

மூட்டையைத்தான் முதலில் பார்த்தேன். நீலத் துணி, வாய் அவிழ்ந்து, கறுப்புத் தோல் துண்டுகள் மணலில் சிதறிக் கிடந்தன. அப்புறம் சீமைக் கருவேல முள்ளின் ஓட்டை நிழலில் அவள். உட்கார்ந்துதான் இருந்தாள். உதடு வெயிலில் காய்ந்த சுண்ணாம்பு நிறம். வாயைத் திறந்து மூச்சை அள்ளிக்கொண்டிருந்தாள், அள்ளியது போதவில்லை. நைட்டிமேல் போட்ட துண்டின் நுனியில் ஒரு பிடி பச்சரிசி முடிச்சு.

டாக்டரம்மா மண்டியிட்டு நாடியைப் பிடித்தார். கீழ் இமையை இழுத்தார். வெள்ளைக் காகிதம். காலை அழுத்தினார், விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"மோகனா, என்னையப் பாரு. படுக்காத, சாஞ்சி குந்து. வயித்துல வலி இருக்கா? ரத்தம் பட்டுதா?"

இல்லை என்று தலையசைத்தாள். பிறகு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிக் கேட்டாள். "அக்கா... வண்டி... கெளம்பிடுச்சா மேடம்?"

"அதப் பத்தி இப்போ எதுக்கு?"

"கெளம்பற வரைக்கும்... என்னைய அங்க கூட்டினு போகாதீங்க. ரெண்டுல ஒண்ணுக்கு ஆவாதுன்னு... அத்தே சொல்லும். அக்காது... நல்லா இருக்கட்டும்."

டாக்டரம்மா எனக்கு முகத்தைக் காட்டாமல் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். நெடுஞ்சாலையில் விபத்து, வண்டி அங்கே போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். எங்கள் ஆம்னி மணலில் பள்ளிகொண்ட பெருமாளாகப் படுத்திருந்தது. "சார், ஊருக்குள்ள ஓடுங்க. ஆள் வேணும், வண்டி வேணும்."

ஓடினேன். இந்தத் தடவை செருப்பை விட்டுவிட்டேன்.

பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேர் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். கட்டில் கிடைக்காமல் ஒருவன் பந்தல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் மோகனாவை உட்கார வைத்து, சாமி புறப்பாடு மாதிரி ஆற்றைக் கடந்து கரைக்குக் கொண்டுவந்தோம். டாக்டரம்மா நாடியை விடாமல் பக்கத்திலேயே நடந்தார். பக்ருன்னிசா குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

தெருமுனையில் ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. மாலை கட்டிய கார். பின் சீட்டில் பூர்ணிமா ஏறி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் தாம்பாளங்களை டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ராகுகாலத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "மோகனாவுக்கு அஞ்சாவது மாசம். ரத்தம் பாதிகூட இல்ல. ஒடனே வேலூர் போகணும். இந்த வண்டிதான் இருக்கு."

சௌந்தரம் மோகனாவைப் பார்த்தார். நைட்டிமேல் போட்டிருந்த துண்டு ஆற்றிலேயே விழுந்துவிட்டிருந்தது. வயிறு தெரிந்தது.

"அஞ்சா?" என்றார். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து நான் கேட்டதில்லை. உடனே சுதாரித்துக்கொண்டார். "அப்போ பூர்ணிமா இந்த வண்டியில போகட்டும். வேற வண்டி பாக்கலாம். நேரம் பாத்து ஏத்துன பொண்ண எறக்கக் கூடாது. ரெண்டு வயித்துப்புள்ளக்காரி ஒரே வண்டியில ஏறவும் கூடாது. நான் கெட்டதுக்கா சொல்றேன்? ரெண்டும் என் வூட்டுப் புள்ளதானே. ஒண்ணு போச்சுன்னா?"

அவர் பயந்து போயிருந்தார். அது வெறும் அதிகாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"வேற வண்டிக்கு நேரம் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா.

மோகனா மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கார்க் கதவு திறந்தது. வளையல் கைகள் இரண்டும் வெளியே நீண்டன.

"ஏறுடி" என்றாள் பூர்ணிமா.

"பூர்ணி, சொல்றதக் கேளு. ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி..."

"பாக்கல அத்தே. நான் ஜன்னல் பக்கம் பாத்துனு வர்றேன். அவ அந்தப் பக்கம் பாக்கட்டும். எம் பேர்ல ரத்தம் குடுத்தவ. எறங்கச் சொன்னா எறங்க மாட்டேன், அவள ஏத்தாம போகவும் மாட்டேன்."

சௌந்தரம் காரைப் பார்த்தார், மோகனாவைப் பார்த்தார், வானத்தில் சூரியன் இருக்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சட்டென்று பின் சீட்டுக்குள் ஏறி, நட்டநடுவில் உட்கார்ந்தார்.

"நடுவுல நான் குந்திக்கறேன், மறைப்பா. ஏத்துங்கடா அவள."

மறைப்பு என்றால் அதுதான் மறைப்பு. மேட்டூர் அணையைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தியிருந்தாலும் அவ்வளவு மறைத்திருக்காது. டாக்டரம்மா முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்தார். கார் டிரைவர் தபரேஸ் பந்தலில் மூன்றாவது சாதத்தில் இருந்தான். சாவியை வாங்கிக்கொண்டு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பூர்ணிமாவின் அப்பா அம்மா தெருவிலேயே நின்றார்கள், கையில் தாம்பாளத்தோடு.

நெடுஞ்சாலையில் ஏறியதும் டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ரத்தம் தயாராக வைக்கச் சொன்னார். "மெதுவாத்தான் ஏத்தணும், இதயம் தாங்காது" என்று யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது, பின்னாலும் கேட்டிருக்கும். கண்ணாடியில் பார்த்தேன். பூர்ணிமா சொன்னபடியே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் மாமியார் மடியைத் தாண்டிப் போய் மோகனாவின் கையைப் பிடித்திருந்தது. வளையல் அத்தனையும் சௌந்தரத்தின் மடியில்.

கொஞ்ச தூரம் போனதும் சௌந்தரம் நேராகச் சாலையைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்னிக்கி துண்டு நான் கட்டறேன்னேன். நானே கட்டிக்கறேன் அத்தேன்னு உள்ள போய் கதவ சாத்தினியே. அதுக்குதானா?"

மோகனா தலையசைத்திருக்க வேண்டும்.

"உம் புருஷன் நவநீதனுக்குத் தெரியுமா?"

"தெரியும்... அத்தே."

"அவனும் எங்கிட்ட சொல்லல." அடுத்து இன்னொரு கேள்வி. "நீ வாங்கினு வந்த முட்டையில நீ எத்தினி தின்ன?"

வாயும் வயிறுமாக இருக்கிற பூர்ணிமாவுக்கும், வேலைக்குப் போகிற ஆண்களுக்கும் போக, கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு முட்டை மிஞ்சுமா?

அதற்குப் பிறகு பள்ளிகொண்டா வரைக்கும் சௌந்தரம் பேசவில்லை. அந்த அம்மாள் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்ததைப் பார்த்தவர் மாவட்டத்திலேயே என்னைத் தவிர யாரும் கிடையாது. சுங்கச்சாவடியில் மாலை கட்டிய காரைப் பார்த்து வழிவிட்டார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள்.

"டாக்டரம்மா, மூச்சு..." என்று பூர்ணிமா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "அவ கை சில்லுனு ஆவுது."

டாக்டரம்மா சீட்டுக்கு மேலே எம்பி மோகனாவின் கன்னத்தைத் தட்டினார். "மோகனா, பேசு. ஏதாவது பேசு."

"அப்பர்... நாலு ஜோடி... கொறையும் மேடம்" என்றாள் மோகனா. "ஆத்துல... விழுந்துச்சு."

"நாப்பது ஜோடி விழட்டும்டி" என்றார் சௌந்தரம். "பேசினே இரு."

அதற்கப்புறம் நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் சொன்னதில் எதை நம்பினீர்கள் என்பது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. பூர்ணிமா சுவரைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு நர்ஸ் வந்து கேட்டார். நான் எழுந்தேன். என் வயதைக் கேட்டுவிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். சௌந்தரம் புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினார்.

"எடுத்துக்க. எவ்ளோ வேணுமோ எடுத்துக்க. எங்கிட்ட கொறைச்சலே இல்ல."

நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். "உங்களுக்கே எட்டுதான்மா இருக்கு. உங்ககிட்ட எடுக்க முடியாது."

"எனக்கா? மலை மாதிரி கீறேனே."

"மலைக்கும் ரத்தம் கம்மி."

சௌந்தரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கடைசியில் மோகனாவின் புருஷன் நவநீதன் தோல் ஷாப்பிலிருந்து ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து கையை நீட்டினான். அம்மாவைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். சௌந்தரம் "போய் குடுடா" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் ஆனது. அந்தக் கதவைப் பார்த்துப் பார்த்து அதிலிருக்கும் ஆணி ஒவ்வொன்றும் எனக்குச் சொந்தக்காரனாகிவிட்டது. கதவு திறந்து டாக்டரம்மா வந்தபோது நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எதையோ கேட்டுவிட வேண்டியிருக்கும்.

"ரத்தம் ஏறுது. மூச்சு அடங்கியிருக்கு" என்றார். "குழந்தைக்குத் துடிப்பு நல்லா இருக்கு."

பூர்ணிமா சுவரைப் பார்த்தபடியே அழுதாள். மாலையில் அவளுடைய அப்பா வேறு வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். கிளம்பும்போது வார்டு வாசலில் நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே நீட்டி வளையலைக் குலுக்கிவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து மோகனா சிரித்தது கேட்டது.

மறு மாதம் அங்கன்வாடியில் ரத்தம் எடுக்கிற நாளுக்கு நாங்கள் போனோம். பூர்ணிமாவின் அந்தப் புதன்கிழமைக் கணக்கை டாக்டரம்மா ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார். மோகனாவைப் புதிதாகச் சேர்த்திருந்தார். வாசலை யாரோ மூடியிருந்தார்கள். சௌந்தரம்தான், நின்றிருந்தார்.

"யார்றி நீ? பேரச் சொல்லு. மூஞ்சியக் காட்டு" என்று வரிசையில் வந்த ஒவ்வொருத்தி வயிற்றையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். "துண்டு கிண்டு இருந்தா இப்பவே எடுத்துடுங்க. மோசடி பண்ற வேலையெல்லாம் இந்த ஊர்ல நடக்காது."

"ஆமாக்கா, நீ சொன்னா சரிதான்" என்றார் பக்ருன்னிசா, முகத்தை ரொம்ப சாதுவாக வைத்துக்கொண்டு.

மோகனா உள்ளே போய் விரலை நீட்டினாள். சௌந்தரத்துக்கு வாசலை விட்டு நகரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கையில் உரித்த முட்டை ஒன்று, ஒரு டப்பாவில் மூடி, தயாராக இருந்தது. "இன்னாடி வந்துச்சு? எவ்ளோ? யாராவது சொல்லுங்களேன்."

பக்ருன்னிசா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. திரும்பி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். ஒன்பது விரல் நிமிர்ந்திருந்தது. பத்தாவது பாதி மடங்கியிருந்தது.

சௌந்தரம் எண்ணினார். அப்புறம் டப்பாவைத் திறந்துகொண்டே உள்ளே போனார். வாசல் திறந்தது.